கையை நம்பும் குட்டி: புது நாய்க்குட்டியோடு முதல் நாளிலிருந்து

புது வீட்டுக்கு வரும் நாய்க்குட்டிக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அது தெரிந்துகொள்வதில் பெரும்பகுதி உங்கள் கை வழியாகத்தான். தீனி வைப்பதும் கை, தூக்குவதும் கை, வாயில் கவ்விய செருப்பைப் பிடுங்குவதும் கை. அந்தக் கை நீளும்போது அடுத்து என்ன நடக்கும் என்று குட்டியால் ஊகிக்க முடிய வேண்டும்; பிடிக்காவிட்டால் விலகிப்போகவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நம்பிக்கை வளரும். ஒன்று குறைந்தாலும், எவ்வளவு கொஞ்சினாலும் வளராது. கீழே வரும் படிகள் எல்லாம் இதற்கான வழிகள்தான்.

கூட்டி வருமுன்

குட்டி தாயிடம் குறைந்தது 8 வாரமாவது இருந்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும், எப்போது விளையாட்டு நின்றுபோகும் என்று அது கற்கிறது. 5, 6 வாரத்திலேயே பிரித்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்காது. அப்படி ஒன்று உங்களிடம் வந்துவிட்டால் தள்ளிவிட வேண்டாம். கடியும் பயமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய துணியைக் கொடுத்து, தாய் படுக்கும் இடத்தில் இரண்டு நாள் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குட்டியோடு அந்தத் துணியும் வரட்டும். துவைக்காதீர்கள், வாசனை போய்விடும். இதுவரை என்ன தீனி, எத்தனை வேளை என்றும் கேட்டு வாங்குங்கள். முதல் ஒரு வாரம் அதே தீனிதான். மாற்றியாக வேண்டுமென்றால் அதன் பிறகு இரண்டு நாள் கால் பங்கு புதியது, இரண்டு நாள் பாதி, இரண்டு நாள் முக்கால் பங்கு, ஏழாம் நாள் முழுவதும் என்று மாற்றுங்கள். வீடும் மாறி தீனியும் சட்டென்று மாறினால் வயிறு கழியும். வயிறு சரியில்லாத குட்டி எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்காது.

வீட்டின் ஒரு மூலையைக் குட்டிக்கென்று ஒதுக்குங்கள். மடக்கு வேலி போட்டோ, கதவைத் திறந்து வைத்த கூண்டு வைத்தோ அமைக்கலாம். ஒரு பக்கம் படுக்கை, அதற்குத் தள்ளி தண்ணீர்க் கிண்ணம், கடிக்க இரண்டு மூன்று பொருட்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஒரு சட்டம்: குட்டி அந்தப் படுக்கையில் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது. 'இங்கே போனால் என்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்' என்று ஓர் இடம் இருந்தால், தொந்தரவு பொறுக்காமல் பல்லைக் காட்ட வேண்டிய அவசியமே குட்டிக்கு வராது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தச் சட்டத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளும் முதல் இரவும்

வந்தவுடன் வீட்டுக்குள் போகாமல், அது சிறுநீர் கழிக்க வேண்டிய இடத்துக்கு முதலில் கொண்டுபோங்கள். போனால் பாராட்டிவிட்டு உள்ளே அழைத்து வாருங்கள். முதல் நாள் ஒரே ஓர் அறை போதும். உறவினர், நண்பர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்லுங்கள். கைமாறிக் கைமாறிக் கொஞ்சுவது நமக்குத்தான் சந்தோஷம்.

தரையில் உட்காருங்கள். குட்டியை நேராகப் பார்த்து உட்காராமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கூப்பிட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். அது மோப்பம் பிடித்துக்கொண்டே வரும், உங்கள் முழங்காலை முகரும், ஓடிவிடும், மறுபடி வரும். வரும்போது உங்கள் பக்கத்தில் தரையில் ஒரு துண்டு தீனி கிடக்கட்டும். துணிச்சலான குட்டி ஐந்து நிமிடத்தில் மடியில் ஏறிவிடும். கூச்சமுள்ள குட்டிக்கு இரண்டு நாளும் ஆகலாம். இரண்டுமே இயல்புதான். கட்டிலுக்கு அடியில் பதுங்கிய குட்டியை இழுத்து வெளியே எடுப்பதுதான் முதல் நாளில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு வலிக்கும். தூக்குவதற்கு ஒரு நொடி முன்பு, ஒவ்வொரு முறையும், ஒரே சொல்லைச் சொல்லுங்கள். 'தூக்கட்டுமா' என்பது போதும். சில நாளில் அந்தச் சொல் கேட்டதும் குட்டி உடம்பைத் தயாராக்கிக்கொள்வது உங்கள் கைக்கே தெரியும். எதிர்பாராமல் பின்னாலிருந்து வந்து தூக்கப்படும் குட்டிதான் நாளடைவில் கையைக் கண்டு நழுவப் பழகுகிறது.

இரவில் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் அழும். பிறந்ததிலிருந்து அது ஓர் இரவும் தனியாகத் தூங்கியதில்லை. 'அழுது அடங்கட்டும்' என்ற பழைய யோசனையைக் கேட்காதீர்கள். குட்டி அடங்குவது பழகியதால் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது களைத்துப்போய் அடங்குகிறது. கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்பதும் ஒரு பாடம்தான், அந்தப் பாடம் வேண்டாம். ஏறி வெளியே வர முடியாத உயரமுள்ள அட்டைப்பெட்டியோ கூண்டோ, உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், படுத்தபடியே கையைத் தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளே தாயின் வாசனைத் துணி. சிணுங்கினால் கையை வைத்துக் காட்டுங்கள். நடு இரவில் எழுந்து உடம்பை முறுக்கிச் சிணுங்கினால் சிறுநீர் வருகிறது என்று பொருள்: விளக்கை மங்கலாகப் போட்டு வெளியே கொண்டுபோய், பேச்சும் விளையாட்டும் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். 8 வாரக் குட்டிக்கு இரவில் ஒன்றிரண்டு முறை இது நடக்கும். நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு, பெட்டியை இரவுக்கு ஓர் அடி வீதம் நகர்த்தி, அது நிரந்தரமாகத் தூங்க வேண்டிய இடத்துக்குக் கொண்டு செல்லலாம்.

உடம்பு சொல்வதைப் படிப்பது

இது தெரியாமல் மீதி எதுவும் சரியாக வராது. தூக்கக் கலக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி, தீனி இல்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, நனையாமலே உடம்பை உதறுவது: இவையெல்லாம் 'கொஞ்சம் பொறு' என்று குட்டி சொல்லும் விதங்கள். அடுத்த நிலையில் காது பின்னால் ஒட்டும், வால் கால்களுக்கு நடுவே போகும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி உங்களைப் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். உடம்பு மரக்கட்டை போல விறைத்தால் அதற்கு அடுத்தது உறுமல், அதற்கும் அடுத்தது கடி. வால் ஆடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடம்பு முழுக்க நெளிந்து வால் அகலமாக ஆடினால் மகிழ்ச்சி. உடம்பு விறைத்து, வால் உயரத் தூக்கி நுனி மட்டும் வேகமாக ஆடினால் அது பதற்றம்.

தடவுவதற்கு ஒரு மூன்று நொடிச் சோதனை இருக்கிறது. தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவராமல், தாழ்வாகப் பக்கவாட்டில் கொண்டுபோய் நெஞ்சையோ தாடைக்கு அடியையோ மூன்று நொடி தடவுங்கள். பிறகு கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். குட்டி மூக்கால் உங்கள் கையை முட்டினால், சாய்ந்து வந்தால், தொடரலாம். அப்படியே நின்றால், தலையைத் திருப்பினால், காலை நக்கத் தொடங்கினால், போதும் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், குழந்தைகள் உட்பட, இதைச் செய்ய வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் கை நின்றுவிடுகிறது என்று கண்டுகொண்ட குட்டி, அந்தக் கையைத் தானே தேடி வரத் தொடங்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும், ஆனால் இப்படித்தான் நடக்கிறது.

கண்ணோடு கண் பார்ப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற பிணைப்பு ஹார்மோன் கூடுவதை ஜப்பானில் மிஹோ நாகசாவா குழுவினர் 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அது ஏற்கெனவே பழகியவர்களுக்குள் நடப்பது. நேற்று வந்த குட்டியை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாகத்தான் படும். பார்வையை அது தரட்டும். தந்தால் மென்மையாகப் பார்த்து, கண்ணைச் சிமிட்டி, சட்டென்று விலக்கிக்கொள்ளுங்கள்.

கையால் ஊட்டுவதும் பெயரும்

3 மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, அதன்பின் 6 மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை தீனி. அந்த நாளின் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, முதல் இரண்டு வாரம் கையால் கொடுங்கள். உள்ளங்கையை விரித்து, தட்டையாக, குட்டியின் வாய்க்குக் கீழே வைத்துக் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தால் விரலும் சேர்ந்து கடிபடும், நீங்கள் கையை வெடுக்கென்று இழுப்பீர்கள், குட்டி துள்ளிப் பிடிக்கும். பறிப்பது அப்படித்தான் பழக்கமாகிறது. பரிசாகத் தனியே ஏதாவது கொடுப்பதானால் பட்டாணி அளவைவிடச் சிறியதாக நறுக்குங்கள், அந்த நாளின் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழித் துண்டு நன்றாக வேலை செய்யும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்புகள் நாய்க்கு நஞ்சு.

பெயரைப் பழக்குவது எளிது, கெடுப்பதும் எளிது. குட்டி வேறெங்கோ பார்க்கும்போது ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் ஒரு நொடிக்குள் தீனி. ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. திரும்பாவிட்டால் மறுபடி மறுபடி அழைக்காமல், ஓரடி நெருங்கிப் போய்ச் சொல்லிப் பாருங்கள். திட்டும்போது பெயரைச் சொல்லவே கூடாது. பெயர் காதில் விழுந்தால் நல்லதுதான் நடக்கும் என்பது ஒரு முறைகூடப் பொய்க்கக் கூடாது.

தொடப் பழக்குதல்

காது, பாதம், வாய், வால் அடி. பின்னாளில் மருத்துவர் தொடப்போவதும், நகம் வெட்டும்போது நீங்கள் பிடிக்கப்போவதும் இந்த இடங்களைத்தான். இப்போது பழக்காவிட்டால், ஓராண்டு கழித்து முழு வளர்ச்சி அடைந்த நாயை மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டி வரும். அந்த ஒரு நாள் அதுவரை சேர்த்த நம்பிக்கையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் இதில் அவசரப்படாமல் நேரம் செலவழியுங்கள்.

குட்டி விளையாடிக் களைத்து, ஆனால் தூங்காமல் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கையில் பத்துத் துண்டு தீனி, முதுகுக்குப் பின்னால். முன்னங்கால் பாதத்தை ஒரு விரலால் ஒரு நொடி தொடுங்கள். விரலை எடுங்கள். எடுத்த பிறகு தீனி வரட்டும். இந்த வரிசைதான் முக்கியம். தீனியைக் காட்டி, அது தின்றுகொண்டிருக்கும்போது பாதத்தைத் தொட்டால், குட்டி கற்பது வேறு பாடம்: 'தீனி வந்தால் யாரோ காலைப் பிடிக்கப் போகிறார்கள்'. பிறகு தீனியைப் பார்த்தாலே பின்வாங்கும் குட்டியைப் பார்ப்பீர்கள். முதலில் தொடல், அடுத்து தீனி, ஒவ்வொரு முறையும் இப்படியே.

பத்து முறை செய்ததும் நிறுத்துங்கள். மறுநாள் ஒரு நொடி, அதற்கு மறுநாள் இரண்டு நொடி, பிறகு பாதத்தை லேசாகப் பிடிப்பது, பிறகு விரல்களை விலக்கிப் பார்ப்பது. காதுக்கும் இப்படித்தான்: மடலைத் தொடுவது, தூக்குவது, உள்ளே பார்ப்பது. வாய்க்கு, உதட்டை ஓரத்தில் தூக்கிப் பல்லைப் பார்த்துவிட்டு விடுவது. குட்டி பாதத்தை இழுத்துக்கொண்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். இழுத்த காலைப் பிடித்து வைக்காமல் விடுங்கள், அடுத்த முறை ஒரு படி கீழே இறங்கி, பாதத்துக்குப் பதில் தோளைத் தொட்டு ஆரம்பியுங்கள்.

நகவெட்டியை முதலில் தரையில் வைத்து மோந்து பார்க்க விடுங்கள். பிறகு அதைக் கையில் எடுத்து நகத்தைத் தொடுவது மட்டும். பிறகு குட்டியின் காதில் விழும்படி ஒரு தீக்குச்சியை வெட்டுவது, அந்த ஓசைக்குத் தீனி. ஒரு வாரம் கழித்து, நாளுக்கு ஒரு நகத்தின் நுனியை மட்டும் வெட்டுங்கள். நாளுக்கு ஒன்று என்றால் முழுதும் முடிய மூன்று வாரம்கூட ஆகாது, குட்டிக்கும் அலுக்காது.

கடி

எல்லாக் குட்டியும் கடிக்கும். 28 பால்பற்களும் ஊசிதான். 4 மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, 6, 7 மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். அதுவரை ஈறு ஊறும். இது கோபமோ திமிரோ கிடையாது. வாயைப் பொத்திப் பிடிப்பது, மூக்கில் சுண்டுவது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது எல்லாம் அறிவுரையாக உங்கள் காதுக்கு வரும். செய்யாதீர்கள். துணிச்சலான குட்டி அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும். பயந்த குட்டி கையைக் கண்டாலே ஒதுங்கும்.

பல் தோலில் பட்டதும் கையை அசைக்காமல் அப்படியே நிறுத்துங்கள். ஆடும் கை இரையைப் போல ஓடுகிறது, குட்டி துரத்துகிறது. பிறகு மறு கையால், உங்கள் விரலைவிட நீளமான, கடிக்கத் தகுந்த ஒரு பொருளை அதன் வாய்க்கு அருகில் ஆட்டிக் காட்டுங்கள். கயிறோ முறுக்கிய பழந்துணியோ போதும். அதைக் கவ்வினால் விளையாட்டு தொடரும். மறுபடி கைக்கே வந்தால், ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வேலிக்கு இந்தப்புறம் போய் 20, 30 நொடி நின்றுவிட்டுத் திரும்புங்கள். 'ஆ' என்று கீச்சிட்டுக் கத்துவது சில குட்டிகளிடம் பலிக்கும். பலவற்றுக்கு அது வெறியை ஏற்றும். ஒரு முறை செய்து பார்த்தால் உங்கள் குட்டி எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மாலையானால் கால்சட்டையைப் பிடித்துத் தொங்குகிறதா? பெரும்பாலும் அது தூக்கப் பற்றாக்குறை. இந்த வயதில் குட்டி நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் அதன் மூலையில் படுக்க வையுங்கள். பாதிக் கடி பிரச்சினை தூக்கத்திலேயே தீர்ந்துவிடும். பல் பட்டுத் தோல் கிழிந்து இரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடி நோய் விஷயத்தில் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது.

சிறுநீர், மலம்

தூங்கி எழுந்ததும், தின்ற 15 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், விளையாட்டு முடிந்ததும், தூங்கப் போகுமுன்பும் வெளியே கொண்டுபோங்கள். மற்ற நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும், 2 மாதக் குட்டிக்கு அதிகபட்சம் 3 மணி நேரம். விழித்து ஓடியாடும்போது அதைவிடக் குறைவு. வெளியே போன அந்த இடத்திலேயே பாராட்டும் தீனியும். வீட்டுக்குள் திரும்பிய பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்கான பரிசாகத்தான் அதற்குப் புரியும்.

உள்ளேயே போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்காதீர்கள், திட்டாதீர்கள். நடந்து முடிந்ததோடு திட்டை அதனால் இணைக்க முடியாது. அது கற்பதெல்லாம் 'இவர்கள் முன்னால் போகக் கூடாது' என்பதுதான். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் எதிரில் போகாது. 'தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்' என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகம் நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மாறவில்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே மாறியது. நீங்கள் பார்ப்பது பயம். தரையை நொதி (என்சைம்) கலந்த துப்புரவு திரவத்தால் துடைத்துவிடுங்கள். அம்மோனியா கலந்தவை வேண்டாம், அவற்றில் சிறுநீர் வாடை இருப்பதால் குட்டி அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

தட்டும் உறுமலும்

'நாம்தான் தலைவர் என்று காட்டத் தின்னும்போது தட்டை எடுத்து எடுத்து வைக்க வேண்டும்' என்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. தட்டைக் காக்கும் நாயை உருவாக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. செய்ய வேண்டியது நேர்மாறானது. குட்டி தின்னும்போது நடந்துபோகிற போக்கில், சில அடி தள்ளியிருந்தே, தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டைத் தட்டுக்குள் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். வேளைக்கு ஒன்றிரண்டு முறை போதும். இரண்டு வாரத்தில், நீங்கள் நெருங்கும்போது குட்டி தலையைத் தூக்கி வாலை ஆட்டும். வாயில் எடுத்த செருப்புக்கும் இதே முறை: துரத்தாமல், பிடுங்காமல், மூக்கருகே தீனியைக் காட்டி, அது வாயைத் திறக்கும்போது 'விடு' என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். ஆபத்தில்லாத பொருள் என்றால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பியே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த குட்டி எதையும் விழுங்கி ஒளிக்காது.

உறுமலுக்கு ஒருபோதும் தண்டனை கூடாது. உறுமல், கடிக்குமுன் நாய் தரும் எச்சரிக்கை. அடித்து உறுமலை அடக்கலாம், உறுமலுக்குக் காரணமான பயம் அப்படியே இருக்கும். எச்சரிக்காமல் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது. உறுமினால் நில்லுங்கள், இரண்டடி பின்வாங்குங்கள், எது அதைப் பயமுறுத்தியது என்று பாருங்கள். தின்பதை எடுத்தீர்களா, தூங்கும்போது தொட்டீர்களா, அடிபட்ட இடம் வலிக்கிறதா?

வெளியுலகம்

3-ஆம் வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றை எளிதாக ஏற்கும். அதன்பின் புதியது என்றாலே சந்தேகம் முந்திக்கொள்ளும். இதில் பாதிக்காலம் குட்டி உங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டது. தடுப்பூசி வரிசையோ 16 வாரம் வரை நீளும். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் கழிச்சலும் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் தரையில் விட முடியாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் இந்தக் காலம் திரும்ப வராது. கையில் ஏந்தியோ பையில் வைத்தோ கொண்டுபோங்கள். தடுப்பூசி போட்ட, சாதுவான பெரிய நாயை அதன் வீட்டில் சந்திக்க வையுங்கள். முதல் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்து குறைந்தது 7 நாள் ஆன குட்டிகள் சுத்தமான குட்டி வகுப்புகளில் சேரலாம் என்று அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2008-லேயே சொன்னது. உங்கள் பகுதியில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

எத்தனை பேரைப் பார்த்தது என்பதைவிட, பார்த்தபோது எப்படி இருந்தது என்பதுதான் கணக்கு. தொப்பி வைத்தவர், கைத்தடி ஊன்றியவர், சக்கர நாற்காலி, குழந்தைகள், சைக்கிள், குடை. தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள், பார்த்ததும் தீனி. தீனியை வாங்க மறுத்தால் நெருக்கம் அதிகம் என்று பொருள், பின்னால் போங்கள். யார் தொடுவதானாலும் குட்டிதான் அவரிடம் போக வேண்டும், அவர் குட்டியிடம் வரக் கூடாது. 8 முதல் 11 வாரத்துக்குள் எதற்கும் திடுக்கிடும் ஒரு காலகட்டம் வரும். நேற்று தாண்டிப் போன குப்பைத்தொட்டியைக் கண்டு இன்று மிரளும். அப்போது மடியில் வைத்துத் தேற்றலாம். தேற்றினால் பயம் கூடிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இழுத்துப் போய்க் காட்டினால்தான் கூடும்.

தனியாக இருக்கப் பழக்குதல்

நாள் முழுக்க மடியிலேயே இருந்த குட்டிக்கு நீங்கள் கதவைத் தாண்டுவதே பேரிடி. இரண்டாம் வாரத்திலிருந்து, குட்டி எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து ஐந்து நொடி அறைக்கு வெளியே போய்த் திரும்புங்கள். வழியனுப்பும் வேண்டாம், வரவேற்பும் வேண்டாம். பிறகு 10 நொடி, 30 நொடி, மறுபடி 10, ஒரு நிமிடம், மறுபடி 20 நொடி. ஏறிக்கொண்டே போகாமல் ஏற்ற இறக்கமாக இருக்கட்டும். ஒரு முறை அழுதால், அடுத்த முறை பாதி நேரம்.

கூப்பிட்டால் வருவது

'வா' என்ற சொல்லுக்கு ஒரே விதி. அதைக் கேட்டு வந்த குட்டிக்கு, ஒருபோதும், பிடிக்காதது எதுவும் நடக்கக் கூடாது. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, கூண்டில் அடைக்க என்றால் நீங்கள் போய்த் தூக்கி வாருங்கள். வீட்டுக்குள் இரண்டு மீட்டர் தூரத்தில் தொடங்கி, குந்தி உட்கார்ந்து 'வா' என்று ஒரு முறை சொல்லி, வந்ததும் தீனியைக் கொடுத்தபடியே கழுத்துப் பட்டையைத் தொட்டுவிட்டு, திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். வந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் வராமலிருக்க அந்தத் 'திரும்ப விடுவது' அவசியம். நாளுக்குப் பத்து முறை செய்யலாம். தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது. திட்டு விழுவது வந்ததற்குத்தான்.

பிசகு நடந்தால்

வாலை மிதித்துவிடுவீர்கள், நகத்தை ஆழமாக வெட்டி இரத்தம் வந்துவிடும், ஒரு நாள் பொறுமை இழந்து கத்திவிடுவீர்கள். துரத்திப் போய்த் தூக்கிக் கொஞ்சாதீர்கள். அதே இடத்தில் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, முதல் நாள் போலவே, அது வரும்வரை காத்திருங்கள். நகவெட்டியால் நடந்ததென்றால் சில நாள் அதைக் கண்ணில் காட்டாமல் வைத்து, மறுபடி தரையில் வைத்து மோப்பம் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை வேகமாகவே பழகும்.

இரண்டு வாரம் கடந்தும் யாரிடமும் வராமல் பதுங்கினால், தொட்டால் கத்தினால், முதலில் கால்நடை மருத்துவரிடம் வலி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாமலோ, வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலுமாகவோ இருந்தால் பழக்கம் எல்லாம் அப்புறம், உடனே மருத்துவமனை.

6 மாதத்துக்கு மேல் விடலைப் பருவம். நேற்று வரை கூப்பிட்டதும் ஓடி வந்தது இன்று திரும்பிக்கூடப் பார்க்காது, பாதத்தைத் தொட்டால் இழுத்துக்கொள்ளும். கற்றதெல்லாம் வீணாகவில்லை. வெளியே ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) 5 மீட்டர் நீளக் கயிறு கட்டிவிட்டு 'வா' பயிற்சியை மறுபடி இரண்டு மீட்டரிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் அந்த மூன்று நொடிச் சோதனைக்குத் திரும்புங்கள்: நெஞ்சில் மூன்று நொடி, கை மடிக்கு, பிறகு அது மூக்கால் முட்டும்வரை காத்திருப்பது.